பேண்டு மாஸ்டரின் ஐந்தாம் சிம்பொனி

பேண்டு மாஸ்டர் ஞானாதிக்கம் இறந்து நூற்றைம்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. ஆயினும் ஒவ்வொரு நாள் காலையிலும் செண்பகவல்லி அறைக் கதவைத் திறந்தவுடன் முதலில் பேசுபவர் அவர்தாம்.

"வாம்மா செண்பகம். ஒரு கொசு வந்து என் பெட்டி மேல உக்காந்துச்சு. கடிக்கதுக்கு இடம் தேடித் தேடிப் பாத்துட்டு, அழுதுட்டே போயிட்டு."

செண்பகவல்லி கைப்பையை ஆணியில் மாட்டியவாறே சிரித்தாள். நாற்பத்தெட்டு வயது; பேச்சுத் துணைக்கு ஆளில்லாத வீடு. நாளின் முதற் சிரிப்பை அவள் இந்தத் தேக்குப் பெட்டியிடந்தான் பெற்றுக்கொண்டிருந்தாள்.

பெட்டி, திருச்சிராப்பள்ளி நகர மேலையிசை மன்றத்துக்கு உரியது. அதன் முகப்பில் ஒரு கண்ணாடிக் கண்ணும் ஓர் ஒலிபெருக்கியும் இருந்தன. தலையில் தாளத்திற்கேற்ப அசையும் நீண்ட விளக்கு ஒன்று. உள்ளே இருந்தது ஞானாதிக்கத்தின் மீட்டுரு. இறந்துபோன கலைஞனின் மனத்தை அவன் விட்டுச்சென்ற படைப்புகளிலிருந்தே திரும்ப எடுத்துக் கட்டும் வித்தை அக்காலத்தில் கைகூடியிருந்தது. கருவேலங்கோட்டை ஜமீனில் பேண்டு வாத்தியக் குழுவை நடத்தி, ஏழு சிம்பொனிகளை இயற்றிவிட்டு மறைந்த அந்தத் திருநெல்வேலிச் சீமைக்காரரை மன்றம் அவ்வாறே எழுப்பி, நகரத்து இசைக்குழுவுக்கு ஆசிரியராக அமர்த்தியிருந்தது. செண்பகவல்லி அவருடைய காப்பாளர்.

அவரிடம் பயில்வது குழுவினருக்குத் திருவிழாப் போல இருந்தது. "தம்பி, வயலினுக்கும் உனக்கும் சொத்துத் தகராறா? எதுக்கு இந்த இழுப்பு இழுக்கே?" என்பார். செல்லோ வாசிக்கும் பெண்ணைப் பார்த்து, "அத அணைச்சுப் பிடிம்மா. பஸ்ஸுல பக்கத்துச் சீட்டுக்காரன்கிட்ட ஒதுங்குத மாதிரி ஒதுங்காத" என்பார். அவரிடம் விளங்காத பழக்கம் ஒன்றும் உண்டு. ஐந்தாம் சிம்பொனியின் கடைசிப் பகுதி முடியும்போதெல்லாம் அவருக்குப் பசிக்கும். "பந்தி போட்டாச்சா?" என்று கேட்பார். வயிறில்லாத பெட்டிக்கு எங்கிருந்து பசி வருகிறது என்று பொறியாளர்கள் மூன்று முறை வந்து திறந்து பார்த்துவிட்டு, ஒன்றும் புலப்படாமல் மூடிச் சென்றனர்.

அந்த ஐந்தாம் சிம்பொனிதான் வினையாக வந்து முளைத்தது.

எந்தப் படைப்பு யாருடையது என்று ஆராய்ந்து தீர்க்கும் படைப்பாளர் தீர்வகம் என்னும் அலுவலகத்திலிருந்து முனைவர் இளஞ்சேரல் வந்தார். மெலிந்த உடல், நேர்த்தியாக வாரிய தலை, சட்டைப் பையில் ஒரு சிறு ஒலிப்பதிவுக் கருவி. முக்கியமானது என்று தாம் கருதும் எதனையும் சொல்லி முடித்தபின், அக்கருவியை நோக்கிக் குனிந்து, "குறித்துக்கொள்ளவும்" என்பது அவர் வழக்கம்.

செண்பகவல்லி காபி கொணர்ந்தாள்.

"வேண்டாம் அம்மா. ஆராய வந்த இடத்தில் நான் எதுவும் அருந்துவதில்லை."

"வெறும் காபிதான் சார்."

"காபி வெறும் காபியாக நிற்பதில்லை. எங்கள் சட்டத்தின் முதல் விதியே அதுதான். ஆராய்பவனுடைய கை ஆராயப்படும் படைப்பில் பட்டிருத்தலாகாது. இசை ஒலிக்கும்போது நான் விரலால் தாளங்கூடப் போடுவதில்லை. கைகளைப் பைக்குள் வைத்துக்கொள்வேன். குறித்துக்கொள்ளவும்."

"பையில காசு இருந்தா எண்ணிக்கிட்டே கேக்கலாம், பொழுது போவும்" என்றது பெட்டி.

இளஞ்சேரல் அதனைக் கேளாதவர்போல் வழக்கை விளக்கலானார். ஞானாதிக்கத்தின் மற்ற ஆறு சிம்பொனிகளும் ஆலய மணிபோல் அமைதியும் கண்டிப்பும் உடையவை. ஐந்தாவது மட்டும் அடங்காப் பிடாரியாக நிற்கிறது. மெல்லிய இசை தவழ்ந்துகொண்டிருக்கும்போதே காரணமின்றி முரசும் பித்தளை வாத்தியங்களும் காது கிழிய ஒருசேர அதிர்கின்றன. பிறகு, ஒன்றுமே நடவாதது போல் விட்ட இடத்திலிருந்து இசை தொடர்கிறது. மூன்றாம் பகுதி தொடங்குகிறது, நிற்கிறது, மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது. இறுதியில் வாத்தியங்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்து, பாசூன் என்னும் நெடுங்குழல் மட்டும் தனியே முனகிக்கொண்டிருக்கிறது. ஆன்மா உடலை விட்டு நீங்குவதன் குறியீடு அது என்று அறிஞர் இருவர் நூல் எழுதியுள்ளனர். போதாக்குறைக்கு, கிடைத்துள்ள ஒரே பிரதியின் கையெழுத்தும் ஞானாதிக்கத்தினுடையதன்று. ஜமீன் நீதிமன்றத்தில் சாட்சியங்களை எழுதிவந்த கிளமெண்டு என்பவருடையது.

"எனவே அதனை இயற்றியவர் கிளமெண்டாகவே இருக்கவேண்டும் என்பது எங்கள் ஐயம்."

"இருந்துட்டுப் போகட்டுமே சார். பேரை மாத்தி அச்சடிச்சாப் போச்சு."

"அது அவ்வளவு எளிதன்று அம்மா. இந்த மனம் எதனால் கட்டப்பட்டது? ஏழு சிம்பொனிகளால். ஒவ்வோரிடத்திலும் கலைஞன் முன்னால் நூறு வழிகள் திறந்திருக்கின்றன. அவற்றுள் எதைத் தேர்ந்தான் என்பதே அவன் மனம். அவனுடையதல்லாத ஒன்று கட்டுமானத்தில் கலந்திருந்தால், அது பிறர்பொருள். பிறர்பொருளை நீக்கியாக வேண்டும்."

செண்பகவல்லி கையிலிருந்த காபியை மேசைமேல் வைத்தாள். "நீக்கினா இவருல எது போகும்?"

"சற்று நேரம் நிறுத்திப் பார்க்கலாம். வலி இராது."

அவர் பெட்டியின் பின்புறம் சென்று எதையோ திருகினார். கண்ணாடிக் கண் ஒருமுறை மங்கித் தெளிந்தது.

"மாஸ்டர்?" என்றாள் அவள்.

"வணக்கம் அம்மையீர். தங்கள் நலம் எத்தகையது?"

குரல் அதே குரல்தான். ஆனால் இஸ்திரி போட்டதுபோல் மடிப்பு மாறாமல் இருந்தது.

"காலையில ஒரு கொசு வந்ததாச் சொன்னீங்களே."

"கொசுவும் ஆண்டவனின் படைப்பே. அதனைப் பற்றி யான் கூறத்தக்கது யாதுமில்லை. வயலின் கலைஞர்களைக் கடிந்துரைத்திருப்பின் அவர்கள் என்னைப் பொறுத்தருள வேண்டும். நாளை முதல் ஒவ்வொரு பயிற்சியையும் சிறு பிரார்த்தனையுடன் தொடங்குவோம்."

இளஞ்சேரலின் முகம் மலர்ந்தது. "ஆகா, எவ்வளவு ஒழுங்கான மனம். குறித்துக்கொள்ளவும்."

பெட்டிக்குள் அமர்ந்திருந்தவர் நல்லவர், கண்ணியமானவர், பிழை சொல்ல ஒன்றுமில்லாதவர். அவரோடு ஒரு காலைப் பொழுதைக் கழிப்பதைவிடப் பேருந்து நிலையத்து அறிவிப்பைக் கேட்டுக்கொண்டிருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றிற்று.

திருகியதைத் திருப்பியதும், "எங்க போயிருந்தேன் நான்?" என்றார் மாஸ்டர். "ரெண்டு பேரும் ஒரு மாதிரி முழிக்கிறீய. நான் ஏதும் அசிங்கமாப் பேசிட்டனோ?"

"இல்ல மாஸ்டர். ரொம்ப மரியாதையாப் பேசுனீங்க."

"அடப்பாவமே" என்றார் அவர். எதையும் ஒளிக்கத் தெரியாத இளஞ்சேரல் நடந்ததை நடந்தபடியே சொன்னார்.

அவர் சென்றபின் மாஸ்டர் தாழ்ந்த குரலில் கேட்டார். "செண்பகம், நான் சிரிப்புக் காட்டுததெல்லாம் நான் இல்லையாம்லா. அந்த அஞ்சாவதுதானாம். அத எழுதுனது வேற எவனோவாம். அப்ப உங்கிட்ட இத்தனை நாளாப் பேசிட்டு இருக்குதவன் எவன்?"

"நீங்கதான் மாஸ்டர்."

"பிரார்த்தனை பண்ணச் சொன்னவனையும் நீ மாஸ்டர்னுதானே கூப்பிட்டிருப்பே."

அவள் பெட்டியின் மேலிருந்த தூசியைத் துணியால் துடைத்தாள். "பயமாத்தான் இருக்கு. நடுங்கதுக்கு ஒரு கை கால் இருந்தா நல்லா இருக்கும்" என்றார் அவர். அதற்கும் அவளுக்குச் சிரிப்பு வந்தது, அதுதான் கொடுமை.

அந்த வாரம் உறையூரில் செண்பகவல்லியின் சித்தி மகளுக்குத் திருமணம். மனம் சரியில்லை என்று சொல்லித் தப்ப முடியாத உறவு. போய் மூன்றாம் வரிசையில் அமர்ந்தாள். மேடையில் ஐயர் மந்திரம் ஓதிக்கொண்டிருந்தார். பக்கத்தில் நாகசுரக்காரர் ஒரு ராகத்தை மெல்ல இழைத்துக்கொண்டிருந்தார். முன்வரிசையில் மாப்பிள்ளையின் பெரியப்பா, பட்டு வேட்டி பளபளக்க வீற்றிருந்தார். ரோஸ்மில்க் தட்டோடு போன பரிமாறுநர் அவரைக் கவனியாமல் கடந்துவிட்டார். பெரியப்பா சினந்து எழுந்து, ஆள்காட்டி விரலை உயர்த்தி அசைத்தார்.

அவ்வளவுதான். தவில்கள் இரண்டும் இடியாய் இறங்கின, நாகசுரங்கள் அலறின. தாலி கட்டும் நேரத்தில் தும்மலோ அபசகுனச் சொல்லோ காதில் விழாதிருக்க முழக்கும் கெட்டிமேளம், தாலி தட்டிலேயே இருக்கும்போது முழங்கித் தீர்த்தது. கூட்டம் எழுந்து அட்சதையை வாரி வீசிற்று. மாப்பிள்ளை, தான் எதையோ கட்டத் தவறிவிட்டதாக எண்ணித் திருதிருவென்று விழித்தார். ஐயர் இரு கைகளையும் விரித்து, "இன்னும் இல்ல, இன்னும் இல்ல" என்றார். உடனே தவில் அடங்கிற்று. நாகசுரக்காரர் முகத்தில் எந்த மாற்றமும் இன்றி, விட்ட இடத்திலிருந்து அதே ராகத்தை எடுத்து இழைக்கத் தொடங்கினார்.

விட்ட இடத்திலிருந்து.

செண்பகவல்லி எழுந்தாள். "சாப்பிடாமப் போறியே" என்று சித்தி பின்னால் கூவியதும் அவள் செவியில் ஏறவில்லை. தலையில் ஒட்டிய அரிசியோடு மன்றத்துக்கு வந்து சேர்ந்தாள். இளஞ்சேரல் அங்கே தம் அறிக்கையை முடித்துக்கொண்டிருந்தார்.

"சார், அந்த ஐந்தாம் சிம்பொனி முதல்முதல்ல எங்க வாசிக்கப்பட்டது?"

"ஜமீன்தார் மகளின் திருமணத்தில்."

"வாசிச்சவங்க?"

"ஜமீன் பேண்டு வாத்தியக்காரர்கள். மற்ற நாட்களில் ஊர்த் திருமணங்களுக்கும் அவர்கள்தாம்."

"கிளமெண்டு கோர்ட்டுல என்ன வேலை பாத்தார்?"

"சாட்சிகள் கூறுவதை எழுதுவது. மிகவும் நேர்மையானவர் என்று பெயர். சாட்சி தும்மினால் 'தும்மினார்' என்றும் எழுதுவாராம்." சொல்லிக்கொண்டே வந்த இளஞ்சேரலின் குரல் அந்த இடத்தில் தேய்ந்தது.

அவள் மண்டபத்தில் கண்டதைக் கூறினாள். கூறி முடிக்குமுன் பெட்டியின் விளக்கு தானாக ஆடத் தொடங்கிற்று.

"ஏ, அப்படியா சங்கதி" என்றார் மாஸ்டர். "நான் பாவம், பிரார்த்தனை மாதிரி ஒரு சிம்பொனி எழுதிக் கொண்டுபோய்க் கல்யாண வீட்டுல வாசிக்கேன். எவனோ வெத்தலை கேட்டு விரலை ஆட்டிருக்கான். எங்க பயலுவ அடிச்சு நொறுக்கிட்டானுவ. அந்தக் கிளமெண்டு ஒரு ஓரமா உக்காந்து, காதுல விழுந்த அத்தனையும் சாட்சியம்னு எழுதிருக்கான்."

"மூன்றாம் பகுதி நின்று மறுபடி தொடங்குவது?" என்றார் இளஞ்சேரல், தம்மை மறந்து.

"மாப்பிள்ளை ஊர்வலம் பாதி வழியில நின்னுருக்கும். திரும்ப முதல்ல இருந்து வாசிங்கடேன்னு எவனாவது சத்தம் போட்டிருப்பான்."

"வாத்தியங்கள் ஒவ்வொன்றாக ஓய்வது?"

"பந்தி போட்டாச்சு. ஒவ்வொருத்தனா எந்திச்சு எலையில போய் உக்காந்துட்டான். பாசூன்காரனுக்கு மட்டும் யாரும் சொல்லல. பாவம், ஆன்மாவாம் ஆன்மா. அவனுக்கு நல்ல பசி."

பொறியாளர்களுக்குப் புலப்படாத பசி எங்கிருந்து வந்ததென்று செண்பகவல்லிக்கு அப்போது விளங்கிற்று. அவள் வாய்விட்டுச் சிரித்தாள். இளஞ்சேரலும் சிரித்திருப்பார், தக்க நேரத்தில் உதட்டைக் கடித்துக்கொண்டார். பிறகு கருவியை நோக்கிக் குனிந்தார்.

"ஐயம் தீர்ந்தது. அந்தப் பகுதிகள் ஞானாதிக்கம் இயற்றியவையல்ல. கிளமெண்டு இயற்றியவையும் அல்ல. திருமணத்துக்கு வந்த பெயர் தெரியாத கூட்டத்தினால் விளைந்தவை. கர்த்தா இல்லாதவை. கர்த்தா இல்லாத ஒன்றை ஒரு மனத்துக்குள் வைத்திருக்கச் சட்டம் இடங்கொடாது. குறித்துக்கொள்ளவும்."

செண்பகவல்லியின் சிரிப்பு நின்றது. மாஸ்டரைக் காப்பாற்றுவதாக எண்ணி ஓடி வந்தவள், வழக்குக்கு வேண்டிய சான்றைத் தானே தூக்கிக்கொண்டுவந்து கொடுத்திருந்தாள்.

"சார், ஒரு வாரம் கழிச்சுச் செய்யக்கூடாதா?"

"ஞாயிற்றுக்கிழமை ஐந்தாம் சிம்பொனி அரங்கேற்றம் இருக்கிறதல்லவா? முதற் பகுதியும், இரண்டாம் பகுதியில் அந்த முழக்கத்துக்கு முன்வரை உள்ளதும் ஐயமற்றவை. அதுவரை வாசிக்கலாம். பிறகு நான் எழுந்து நிறுத்துவேன். அவையில் தீர்ப்பை அறிவித்துவிட்டு நீக்கத்தைத் தொடங்கலாம்." தயங்கிப் பின்பு, "எனக்கும் இது மகிழ்ச்சி தரும் பணியன்று அம்மா" என்றார். அவர் மெய்யாகவே அப்படித்தான் எண்ணினார் என்பது முகத்தில் தெரிந்தது.

"நல்லது. விதின்னா விதிதானே" என்றார் மாஸ்டர் மிக அடக்கமாக. "ஒரு சின்ன ஆசை மட்டும் உண்டு ஆபீசர் சார். கடைசி நாளு. முன்வரிசையில நடு நாற்காலி உங்களுக்கு. வேட்டி சட்டையில வரணும். விசேஷம்னா அதுக்கொரு லட்சணம் வேணும்லா."

இளஞ்சேரல் நெகிழ்ந்து ஒப்புக்கொண்டார். பெரியவரின் பெருந்தன்மையை எண்ணிச் செண்பகவல்லி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

எஞ்சிய நாட்களில் மாஸ்டர் பாடம் அதிகம் நடத்தவில்லை. குழுவினரிடம் அந்தத் திருமணக் கதையையே திரும்பத் திரும்பச் சொன்னார். வெற்றிலை கேட்டவர் விரலை எப்படி ஆட்டியிருப்பார் என்பதை விளக்கை ஆட்டி ஆட்டிக் காட்டினார். முரசு வாசிக்கும் தவமணிக்குப் பரம்பரைத் தொழிலே தவில். முகூர்த்த மாதங்களில் பாதி நாள் விடுப்புக் கேட்பவர். கதையைக் கேட்கும்போதெல்லாம் அவர் விலாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

ஞாயிறு மாலை அரங்கம் நிரம்பி வழிந்தது. தீர்ப்பைக் கேட்கத் தீர்வகத்து அதிகாரிகள் அனைவரும் வந்திருந்தனர். மன்றத்து வழக்கப்படி வாயிலில் பன்னீர் தெளித்து, ஆளுக்கொரு கை கற்கண்டு கொடுத்தார்கள். முன்வரிசை நடுவில், வெள்ளை வேட்டியும் சட்டையுமாக, தோளில் மன்றத்தார் போர்த்திய சரிகைத் துண்டோடு இளஞ்சேரல் அமர்ந்திருந்தார். கைகளைப் பைக்குள் வைக்க வழியில்லாமல் மடியில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். மேடையில், பெட்டியின் விளக்கு நிதானமாக அசைந்து தாளம் காட்டியது.

முதற் பகுதி கம்பீரமாக முடிந்தது. இரண்டாம் பகுதியில் வயலின்கள் தாலாட்டுப்போல் ஒரு மெட்டை எடுத்தன. செண்பகவல்லி மேடையோரம் நின்று அந்த மெட்டைக் கேட்கவில்லை; அது எப்போது முடியும் என்றே அஞ்சிக்கொண்டிருந்தாள். முடிந்தால், கொசு ஆண்டவனின் படைப்பாகிவிடும்.

முழக்கத்துக்குச் சற்று முன்னதாகவே இளஞ்சேரல் எழுந்தார். தொண்டையைக் கனைத்தார். அவையின் கவனத்தை ஈர்க்கும்பொருட்டு ஆள்காட்டி விரலை உயர்த்தி, "நிறுத்தவும், குறித்துக்கொள்ளவும்" என்று சொல்லலானார்.

முன்வரிசையில், வேட்டி கட்டி, சரிகைத் துண்டு போர்த்திய ஒருவர், அதிகாரத்தோடு ஒரு விரலை உயர்த்துகிறார். தவமணியின் கைகளுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. முரசுகள் அதிர்ந்தன. டிரம்பெட்டுகளும் மற்றப் பித்தளை வாத்தியங்களும் ஒன்றையொன்று முந்திக்கொண்டு முழங்கின. அவையோர் பழக்கத்தால் எழுந்து, கையிலிருந்ததை வாரி இறைத்தனர். கற்கண்டு மழையாகப் பொழிந்தது. ஒன்று இளஞ்சேரலின் மூக்குக்கண்ணாடியில் பட்டுத் தெறித்தது. அவர் திகைத்து விரலை இறக்கி உட்கார்ந்துவிட்டார். முழக்கம் சட்டென்று அடங்கியது. வயலின்கள் விட்ட இடத்திலிருந்து தாலாட்டைத் தொடர்ந்தன. மறுபடி அவர் எழவில்லை. கடைசியில் வாத்தியங்கள் ஒவ்வொன்றாக ஓய, பாசூன் தனியே முனகி முடித்தபோது, அரங்கம் அதிரக் கைத்தட்டல் எழுந்தது.

திரை விழுந்தபின் அவர் மேடைக்கு வந்தார். தலையிலும் தோளிலும் கற்கண்டு மின்னிற்று. முகம் வெளுத்திருந்தது.

"அம்மா, என் கை பட்டுவிட்டது."

"எதுல சார்?"

"படைப்பில். இன்றைய முழக்கம் பிரதியில் உள்ள இடத்தில் வரவில்லை. நான் விரல் உயர்த்திய இடத்தில் வந்தது. அதை விளைவித்தவன் நான். எனவே ஐந்தாம் சிம்பொனியின் கர்த்தாக்களுள் நானும் ஒருவன். முதல் விதிப்படி நான் இதனை ஆராய முடியாது." அவர் நாற்காலியில் பொத்தென்று அமர்ந்தார். "வேறு அதிகாரியும் முடியாது. அவர்கள் அனைவரும் இங்கே வந்து கற்கண்டு எறிந்திருக்கிறார்கள். எங்கள் தலைவர் இரண்டு கையாலும் எறிந்ததைப் பார்த்தேன். எந்தத் திருமணத்திலும் அட்சதை போட்டறியாத அதிகாரி ஒருவர் நியமிக்கப்படும்வரை, மீட்டுருவை உள்ளபடியே விட்டுவைக்க வேண்டியதுதான்."

செண்பகவல்லி மெல்லப் பெட்டியின் பக்கம் திரும்பினாள். நடு நாற்காலியும், வேட்டியும், திரும்பத் திரும்பச் சொன்ன கதையும் அவள் நினைவில் வரிசையாக வந்து நின்றன.

"என்ன அப்படிப் பாக்கே?" என்றார் மாஸ்டர். "நான் ஒண்ணும் செய்யலம்மா. எனக்குக் கையா இருக்கு?"

அதன்பின் இளஞ்சேரல் வாரந்தோறும் மன்றத்துக்கு வரலானார். ஆராயும் பொறுப்பு நீங்கிவிட்டதால் காபி அருந்தத் தடையில்லை. மாஸ்டர் தாமே முன்னின்று நடத்திய கச்சேரி எதுவாயினும் அவருடைய மனத்தில் சேர்க்கப்பட வேண்டும் என்று சட்டத்தில் இன்னொரு விதி இருந்தது. அதன்படி ஞாயிற்றுக்கிழமைப் பதிவு, அதில் உள்ள அத்தனை ஓசைகளோடும், பெட்டிக்குள் சேர்க்கப்பட்டது.

அது முடிந்த மறுநாட் காலை செண்பகவல்லி கதவைத் திறந்தாள்.

"வாம்மா செண்பகம். அந்தக் கொசு மறுபடியும் வந்துச்சு. பெஞ்சாதியையும் கூட்டிட்டு வந்து, இந்தப் பெட்டியிலதான் நான் பட்டினி கெடந்தேன்னு காட்டுச்சு."

அவள் சிரித்தாள். கைப்பையை ஆணியில் மாட்டத் திரும்பினாள்.

"மேலும் இன்று நீ சற்றுக் காலந்தாழ்ந்து வந்துள்ளாய்" என்றார் மாஸ்டர். "குறித்துக்கொள்ளவும்."

பை ஆணிக்குப் பக்கத்தில், காற்றில் ஒரு கணம் நின்றது. அந்தச் சொல் யாருடையது என்று அவள் கேட்கவில்லை. பையை மாட்டிவிட்டு, "சரி மாஸ்டர், குறிச்சுக்கிட்டேன்" என்று சொல்லி, காபி போடப் போனாள்.